மயக்கம் தெளிந்ததா?

1893 ஜனவரி. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை நடந்துகொண்டிருந்தது. படி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைக் கீழே கூப்பிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் நோயாளிக்கு ஈத்தர் கொடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பையனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமில்லை. துணைக்கு ஒரு வயதான ஊழியர் மட்டும். நோயாளிக்குக் குடலிறக்கம் நெரிந்து, வயிறு நிறையத் திரவம் தேங்கியிருந்தது. மேசைக்கு வந்த சற்று நேரத்தில் அது பொங்கி மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. ஆள் இறந்துபோனார். வந்திருந்த மாணவர்கள் பார்க்க வேண்டுமே என்று அறுவை மட்டும் தொடர்ந்தது.

அந்த மாணவரின் பெயர் ஹார்வி குஷிங். மருத்துவப் படிப்பையே விட்டுவிடும் எண்ணத்தோடு அன்று தெருத்தெருவாக நடந்திருக்கிறார். மாலையில் அறுவை மருத்துவரின் வீட்டுக்குப் போய், இறந்தவரின் குடும்பத்துக்கு நான் என்ன பரிகாரம் செய்வது என்று கேட்டார். உன்மேல் தவறில்லை, இப்படி அடிக்கடி நடப்பதுதான் என்று பதில் வந்தது. மூளை அறுவை என்ற தனித்துறையைப் பின்னாளில் கட்டி எழுப்பியவர் இவர். அன்றைய நிலைமையை எனக்கு அதிகம் காட்டுவது அந்தச் சாவைவிட, ‘அடிக்கடி நடப்பதுதான்’ என்று சொல்ல முடிந்த நிதானம்.

குஷிங்கும் அவருடைய வகுப்புத் தோழர் எர்னஸ்ட் காட்மனும் ஒரு பந்தயம் கட்டினார்கள். யார் மயக்க மருந்தை நன்றாகக் கொடுக்கிறார்களோ அவருக்கு மற்றவர் ஒரு விருந்து வாங்கித் தர வேண்டும். வார்டுக்குத் திரும்பும்போது நோயாளி கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், பிறகு வாந்தி எடுக்கக் கூடாது. இதுதான் வெற்றிக்கு அளவுகோல். இந்தப் போட்டியின் தொடர்ச்சியாக 1894இல் இருவரும் ஒரு தாளில் கோடு கிழித்து, அறுவை நடக்க நடக்க நாடித்துடிப்பையும் மூச்சையும் புள்ளி வைத்துக் குறிக்கத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் மயக்கவியல் மருத்துவர்கள் இன்று நிரப்பும் பதிவேட்டின் மூதாதை அந்தத் தாள். 1901இல் இத்தாலியின் பாவியா நகருக்குப் போன குஷிங், ரிவா-ரோச்சி வடிவமைத்த இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். தாளில் மூன்றாவது வரிசை சேர்ந்தது. எல்லோரும் கைதட்டி வரவேற்றுவிடவில்லை. ஹார்வர்டில் அதைப் பரிசீலித்தவர்கள், பழகிய விரலுக்கு ரப்பர்ப் பை ஈடாகாது என்று முடிவுகட்டினார்கள்.

அட்லாண்டிக் கடலின் மறுகரையில் வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. லண்டனில் மூளை அறுவையின் முன்னோடிகளில் ஒருவரான விக்டர் ஹோர்ஸ்லி ஈத்தரை ஒதுக்கினார். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், இருமலை வரவழைக்கும், மூளையில் இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பது அவர் கணிப்பு. 1886 மே மாதம் வலிப்பு நோயாளி ஒருவருக்கு மண்டையைத் திறந்தபோது அவர் நம்பியது குளோரோஃபார்மை. தொடக்கத்தில் அதற்கு முன்னதாக மார்ஃபின் ஊசியும் போட்டார். மூச்சு மந்தமாகிறது என்று பிறகு அதைக் கைவிட்டார். குளோரோஃபார்மில் மூளை அடங்கிக் கிடந்தது உண்மை. ஆனால் சில வேளைகளில் இதயமும் அடங்கிவிட்டது. இந்தச் சண்டையில் நம் பக்கத்து ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1888, 1889 ஆண்டுகளில் நிஜாமின் பணத்தில் ஹைதராபாத்தில் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் ஆய்வு நடத்தின. மூச்சைக் கவனித்தால் போதும், இதயம் தானாக நிற்காது என்று அவை தீர்ப்புச் சொல்லின. நேராக இதயத்தின் துடிப்பையே குளோரோஃபார்ம் குலைத்துவிடும் என்பது 1911இல் நிரூபணமானது.

மூளை அறுவையில் மட்டும் மயக்க மருந்து ஏன் இத்தனை வம்பு செய்கிறது? வயிற்றைத் திறந்தால் குடலுக்கு இடம் இருக்கிறது. மண்டை ஓடு விரியாது. உள்ளே சுமார் 80 சதவீதம் மூளை. மீதி இரத்தமும் தண்டுவட நீரும். ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறும். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் மூளை, உடலுக்குள் வரும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடினாலும் மூளையின் நாளங்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். ஆகவே நோயாளி ஒரு தடவை இருமினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ, மூளை திறப்பின் வழியே பிதுங்கி எழும். இன்றும் தியேட்டரில் அறுவை மருத்துவர் “பிரெய்ன் டைட்டா இருக்கு” என்று ஒரு குரல் கொடுத்தால், மேசையின் அந்தப் பக்கம் இருக்கும் மயக்கவியல் மருத்துவர் மருந்து, மூச்சுக்கருவி, கழுத்தின் சாய்வு எல்லாவற்றையும் ஒரு சுற்று சரிபார்ப்பார்.

அன்றைக்கு மயக்கம் கொடுத்தவரிடம் சரிபார்க்க என்ன இருந்தது? முகத்தின் மேல் ஒரு துணி, கையில் ஒரு புட்டி. தலையில் அறுவை என்பதால் முகமே விரிப்புக்கு அடியில். உதட்டின் நிறம் தெரியாது, கண்மணி தெரியாது. 1908 வாக்கில் குஷிங்கின் மயக்க மருந்தாளரான கிரிஃபித் டேவிஸ் நெஞ்சின் மேல் ஸ்டெதஸ்கோப்பைக் கட்டிவைத்து, அறுவை முடியும்வரை இதய ஒலியைக் கேட்டுக்கொண்டே இருந்தது அந்த நாளில் பெரிய பாய்ச்சல். கிளாஸ்கோவில் வில்லியம் மேக்ஈவன் 1878இலேயே வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி மயக்கம் கொடுத்துக் காட்டியிருந்தார். மறு ஆண்டே மூளைக் கட்டியை வெற்றிகரமாக அகற்றியவரும் அவரே. இருந்தும் மண்டையைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் டியூப் போடுவது வழக்கமாக இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. இதற்கிடையில் 1926இல் குஷிங், இரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கத்தியைக் கொண்டுவந்தார். பொறி பறக்கும் கத்திக்குப் பக்கத்திலேயே தீப்பற்றும் ஈத்தர் ஆவி. பலர் மயக்கத்தையே வேண்டாம் என்று வைத்து, தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருக்கும் ஆளுக்கே அறுவை செய்யப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு அதை ஒரு கலையாகவே வளர்த்தார். நோயாளியைப் பேசவிட்டு, மூளையின் மேற்பரப்பை மின்முனையால் தொட்டு, பேச்சு எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. அன்றைக்கு சி.டி. ஸ்கேன் கிடையாது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து, அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே பிடித்துத்தான் கட்டி எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அந்தச் சோதனை தரும் தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும். அறுவைக்கு முன்பே நோயாளி பாதி ஓய்ந்துவிடுவார். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்த பிறகுதான் இந்தக் கொடுமை மெல்ல மறைந்தது. மயக்கவியலின் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் ஸ்கேனை மறந்துவிடுகிறார்கள். எங்கே திறப்பது என்று தெரிந்தாலே மேசை மேல் கிடக்கும் நேரம் குறைகிறது.

அன்று இருட்டு, இன்று வெளிச்சம் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் முழு நம்பிக்கையோடு செய்த பல காரியங்கள் நோயாளிக்குக் கெடுதல் செய்தன, அல்லது ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் கார்ட்னர் என்ற அமெரிக்க மருத்துவர், கட்டியிலிருந்து கசிவு குறைய வேண்டும் என்று நோயாளியின் தமனியிலிருந்து வேண்டுமென்றே இரத்தத்தை வடித்து அழுத்தத்தை இறக்கி, வேலை முடிந்ததும் அதே இரத்தத்தை உடலுக்குள் திருப்பி ஏற்றினார். பிறகு அழுத்தத்தை இறக்கும் மருந்துகள் வந்தன. இரத்தக்குழாய் வீக்கத்தில் கிளிப் போடும்போது அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பது பல பத்தாண்டுகள் நல்ல கைத்திறமையின் அடையாளமாக இருந்தது. களம் வறண்டிருக்கும், அறுவை மருத்துவர் மகிழ்வார். பட்டினி கிடந்தது மூளை. இன்று பாடம் தலைகீழ். வீக்கத்துக்கு இரத்தம் வரும் குழாயைச் சில நிமிடங்கள் தற்காலிகக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, உடலின் அழுத்தத்தை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறார்கள். தலைக்காயத்தில் இது இன்னும் கறார். மேல் அழுத்தம் ஒரே ஒரு தடவை 90க்குக் கீழே இறங்கினாலும் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 1993இல் வெளியான அமெரிக்கத் தரவுகள் காட்டின.

மூச்சுக்கருவியின் கதையும் இதேபோல்தான். வேகமாக மூச்சு கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், நாளங்கள் சுருங்கும், மூளை கண்முன்னே அமுங்கும். பார்ப்பதற்கு மந்திரம் போல இருக்கும். 1960களுக்குப் பிறகு தலைக்காயம் என்றாலே நாள்கணக்கில் இப்படி மூச்சை விரட்டினார்கள். 1991இல் மூய்செலார் குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, மூச்சு விரட்டப்பட்டவர்கள் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் பின்தங்கியிருந்தார்கள். மூளை சுருங்கியது இரத்தம் குறைந்ததால்தானே! இன்று அது அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் மட்டும். குளிரூட்டலும் அப்படியே போனது. 1950களில் நோயாளியைப் பனிக்கட்டியில் கிடத்திக் குளிர்வித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2005இல் வெளியான ஆய்வில் இரத்தக்குழாய் வீக்க அறுவைக்கு வந்த 1001 பேரில் பாதிப் பேரை 33 டிகிரிக்கு இறக்கியும் பயன் ஒன்றும் தெரியவில்லை. தலைக்காயத்துக்கு வழக்கமாகப் போட்டுவந்த ஸ்டீராய்டு இறப்பைக் கூட்டுகிறது என்று 10,000 பேரை வைத்து 2004இல் தெரிந்துகொண்டோம். இவை எல்லாவற்றையும் நம்பியவர்கள் கெட்டிக்காரர்கள். கண்ணால் பார்த்த பலனை நம்பினார்கள். தியேட்டரில் மூளை அமுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ண முடிகிறதா என்பது அங்கே தெரியாது.

உட்காரவைத்துச் செய்யும் அறுவையைச் சொல்லாமல் விட முடியாது. பின்மண்டைக் கட்டிகளுக்கு நோயாளியை நாற்காலியில் இருப்பதுபோல் நிமிர்த்திவைப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் டி மார்டெல் காலத்திலிருந்து வரும் வழக்கம். இரத்தம் தானாகக் கீழே வடியும், சிறுமூளை தொங்கி வழிவிடும். ஆனால் தலை இதயத்துக்கு மேலே இருக்கும்போது தலையின் சிரைகளில் அழுத்தம் எதிர்மறையாகிவிடும். வெட்டுப்பட்ட சிரை, அதுவும் எலும்புக்குள் ஓடும் சிரை என்றால் மூடிக்கொள்ளாது, காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று இதயத்துக்குப் போய் இரத்தத்தோடு நுரைத்து, நுரையீரலுக்குப் போகும் வழியை அடைக்கும். ஸ்டெதஸ்கோப்பில் ஆலைச் சக்கரம் சுழல்வது போன்ற ஒலி கேட்கும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. அந்த ஒலி கேட்கும் அளவுக்குக் காற்று போயிருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 1960களின் இறுதியில் நெஞ்சின் மேல் வைக்கும் டாப்ளர் கருவி வந்து, மிகச் சிறிய குமிழியையும் காதுக்குச் சொன்னது. வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு திடீரெனச் சரிந்தாலும் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். உடனே காயத்தை உப்பு நீரால் நிரப்பு, எலும்பு விளிம்பில் மெழுகு பூசு, இதயத்துக்கு அருகே வைத்திருக்கும் குழாயால் காற்றை உறிஞ்சு, தலையைத் தாழ்த்து. இந்த வரிசை இன்று மனப்பாடம். இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவே கருவில் இருந்த துளை ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முழுவதும் மூடியிருக்காது. அந்த வழியே காற்று மூளைக்கே போய்விடலாம். அதனால் பல மருத்துவமனைகள் உட்காரவைப்பதை விட்டு, குப்புறப் படுக்கவைத்தோ ஒருக்களித்தோ செய்யப் பழகிவிட்டன. பக்குவப்பட்ட கைகளுள்ள சில இடங்களில் அது இன்னும் தொடர்கிறது. வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை ஓயவில்லை.

கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைச் சொல்வேன். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 1980களில் தியேட்டர்களுக்குள் வந்தது. அதற்கு முன்பு ஆக்சிஜன் குறைவதை முதலில் சொல்பவர் பெரும்பாலும் அறுவை மருத்துவர்: “இரத்தம் கருக்கிறதே!” நம் ஊர்க் கறுத்த தோலில் நீலம் பாய்வதைக் கண்டுபிடிக்க உள்ளுதட்டையும் நகக்கண்ணையும் தேட வேண்டும். விரல் நுனியின் ஒரு கிளிப் அந்தத் தேடலை முடித்துவைத்தது. 1986இல் ஹார்வர்டு மருத்துவமனைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் பார்த்தே ஆக வேண்டும், மயக்கம் கொடுத்தவர் அறையை விட்டு நகரக் கூடாது என்று எழுத்தில் வைத்தன. கொரோனா காலத்தில் அந்தக் கிளிப் நம் வீட்டு அலமாரிக்கும் வந்தது. அயோயாகி இறந்ததும் 2020 ஏப்ரலில்தான். அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. உள்ளுதட்டைப் பார்க்கும் பழக்கத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம் போலிருக்கிறது.

இன்று ஒரு பெரிய ஊர் மருத்துவமனையின் நியூரோ தியேட்டருக்குள் போனால், தலைப்பக்கம் முழுவதும் மைக்ராஸ்கோப்புக்குச் சொந்தம். மயக்கவியல் மருத்துவர் கால்மாட்டில் இருப்பார். நோயாளியின் முகம் அவருக்கு இன்றும் தெரிவதில்லை. மணிக்கட்டுத் தமனியில் ஊசி, ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் அழுத்தக் கோடு, மூச்சின் கோடு, வெப்பநிலை, கை கால்களின் நரம்புப் பாதை உயிரோடு இருக்கிறதா என்று மின்துடிப்பால் சோதிக்கும் கம்பிகள். மண்டையை ஊசிகளால் கவ்விப் பிடிக்கும்போது அழுத்தம் எகிறும் என்பதால் அதற்கு முன்பே தலைத்தோலை மரக்கவைத்துவிடுகிறார்கள். மருந்துகளும் மாறின. ஈத்தர் கொடுத்தவர் எழ மணிக்கணக்காகும். 1986இல் புழக்கத்துக்கு வந்த புரோபோஃபால் நிறுத்தினால் நிமிடங்களில் தெளிகிறது. நரம்பியல் அறுவையில் இது சொகுசு இல்லை, தேவை. உள்ளே இரத்தம் கசிகிறதா என்பதை முதலில் காட்டுவது நோயாளியின் பேச்சும் கையசைவும்தான். ஆள் தூங்கிக்கொண்டே இருந்தால் அது மருந்தா கசிவா என்று தெரியாமல் ஸ்கேனுக்கு ஓட வேண்டும். வெளியே பெஞ்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் “மயக்கம் தெளிஞ்சிருச்சா டாக்டர்?” என்று கேட்பதும், உள்ளே மருத்துவர் காத்திருப்பதும் ஒன்றுக்குத்தான். பென்ஃபீல்டின் பழைய வழியும் திரும்பி வந்திருக்கிறது. பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டி என்றால், நோயாளியைத் தூங்கவைத்து மண்டையைத் திறந்து, நடுவில் எழுப்பி எண்ணச் சொல்லி, மறுபடி தூங்கவைக்கிறார்கள்.

இத்தனை கருவி இருந்தும் 2007இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே மருத்துவமனையில், ஒரே ஆண்டில், மூன்று முறை மண்டையின் தவறான பக்கத்தைத் திறந்தார்கள். எந்தத் திரையும் அதைச் சொல்லாது. ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் அதற்குத்தான். கத்தி வைக்குமுன் எல்லோரும் நின்று, இவர் யார், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று உரக்கச் சொல்ல வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் 2014இல் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வாயால் கேட்காமல் பேனாவால் மட்டும் டிக் அடிக்கும் இடத்தில் மாற்றம் வராதது எனக்கு வியப்பாக இல்லை.

பந்தயத்தின் மறுபாதிக்காரர் என்ன ஆனார்? குஷிங் 1931இல் தம் இரண்டாயிரமாவது மூளைக்கட்டி நோயாளிக்கு அறுவை செய்து உலகப் புகழோடு இருந்தார். காட்மன் அந்தத் தாளின் யோசனையை மருத்துவமனை முழுவதற்கும் விரித்தார். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருடம் கழித்துத் தேடிப் பார், குணமாகவில்லை என்றால் ஏன் என்று எழுது, எழுதியதை வெளியிடு என்றார். சக மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து விலகினார். தம்முடைய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வந்த 337 பேரில் 123 தவறுகளை எண்ணி, அச்சடித்து வெளியிட்டார். 1940இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. அதை 2014இல்தான் நட்டார்கள்.

இந்தியாவில் நரம்பியல் மயக்கவியலுக்கு 1999 முதல் தனிச் சங்கம் இருக்கிறது, தனிப் படிப்புகள் இருக்கின்றன, பெரிய மருத்துவமனைகளில் மாதாமாதம் கதவைச் சாத்திக்கொண்டு இறப்புகளை அலசும் கூட்டங்களும் நடக்கின்றன. கதவுக்கு வெளியே விளம்பரப் பலகையில் மைக்ராஸ்கோப்பின் பெயரும் ஸ்கேனின் வலிமையும் எழுதியிருக்கும். சென்ற ஆண்டு இங்கே எத்தனை பேருக்கு மண்டையைத் திறந்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் பழைய வேலைக்குப் போகிறார்கள் என்ற எண்ணிக்கை அந்தப் பலகையில் இருக்காது. கையெழுத்துப் போடும் படிவத்திலும் இருக்காது. கையெழுத்துப் போடுகிற நாமும் கேட்பதில்லை.